மேற்படி வீட்டில் புல்லட் எதுவும் இல்லை

போன வாரம் எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. வீட்டு இன்ஷூரன்ஸ் பாலிசியை ரெனியூ பண்ணணும்.

அவ்வளவுதான். போன்ல ஒரு ஃபார்ம் வரும். நிரப்பி அனுப்பணும். வருஷா வருஷம் பண்றதுதான், குக்கர் மூணு விசில் விடறதுக்குள்ள முடிஞ்சுரும்.

அந்த மூணு விசில் வேலையை நான் அஞ்சு நாள் இழுத்தேன். ரெண்டு ஆபீஸ் ஏறி இறங்கினேன். ஒரு அதிகாரியம்மாவுக்கு மரத்தூள் தின்னக் குடுத்தேன். கட்டின புருஷனுக்கு ஒரு துரோகமும் பண்ணிட்டேன். எப்படின்னு சொல்றேன், சிரிக்கறவங்க தாராளமா சிரிச்சுக்கங்க.

முதல்ல இந்தப் பாலிசி எனக்கு ஏன் உசுருன்னு சொல்லிடறேன்.

எங்க வீடு தாம்பரம் பக்கம் முடிச்சூர்ல. மழை வந்தா மத்த தெருவுல தண்ணி நிக்கும். எங்க தெருவுல தண்ணி குடி வந்துரும். சென்னையையே முக்கின அந்தப் பெரிய வெள்ளத்துல எங்க ஃப்ரிட்ஜ் ஹால்ல இருந்து கிளம்பி கிச்சன் வரைக்கும் தானா போய், வாசப்படியில சாஞ்சு படுத்துக்கிச்சு. கட்டில், பீரோ, என் கல்யாண ஆல்பம், எல்லாம் போச்சு. மொட்டை மாடியில ரெண்டு நாள் உக்காந்து அழுதேன். தண்ணி வடிஞ்சதும் நான் பண்ணின முதல் வேலை பாலிசி எடுத்ததுதான்.

இந்த வருஷம் ஏஜென்ட் போன் பண்ணி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். "மேடம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள முடிச்சிருங்க. ஒரு நாள் விட்டுப் போனாலும் புதுசா எடுக்கற மாதிரி ஆயிடும். உங்க தெருவுல இப்போ புதுசா யாருக்கும் தர்றதில்ல."

வெளியில பார்த்தா வானம் மூட்டம் போட்டிருக்கு.

சரி, திங்கட்கிழமையே ஃபார்மைத் திறந்தேன். எல்லாம் பழைய கேள்விதான். கடைசியில ஒண்ணு: போன வருஷத்துக்கு அப்புறம் வீட்டுல ஏதாவது மாற்றம் உண்டா?

வருஷா வருஷம் 'இல்லை'ன்னு போடுவேன். இந்த வருஷம் இருக்கே.

நான் வீட்டுல இருந்தே பிரியாணி ஆர்டர் எடுக்கறேன். இத்தனை நாள் பின்பக்கம் விறகு வெச்சுத்தான் போட்டுக்கிட்டிருந்தேன். நான் தம் போட்டா தெருவே கண்ணைக் கசக்கும். அதனால ரெண்டு மாசம் முன்னாடி பெல்லட் அடுப்பு வாங்கினேன். மரத்தூளை அழுத்தி சின்னச் சின்னக் குச்சியாப் பண்ணி மூட்டையில விக்கறாங்க, அதுக்குப் பேர்தான் பெல்லட். அதைப் போட்டுப் பத்த வெச்சு, அடியில இருக்கற ஃபேனைப் போட்டா கேஸ் மாதிரி எரியும். பேருக்குத்தான் கொஞ்சம் புகை.

அதை மறைக்கக் கூடாதுன்னு நினைச்சேன். நாளைக்கு வெள்ளம் வந்து க்ளெய்ம் போட்டா, "அடுப்பு இருந்ததைச் சொல்லவே இல்லையே"ன்னு மடக்கிருவாங்க. நான்தான் நேர்மையின் சிகரமாச்சே.

ஃபார்ம் இங்கிலீஷ்ல நிரப்பணும். பெல்லட்டுக்கு எந்த எழுத்துல ஆரம்பிக்கறதுன்னு ஒரு சந்தேகம். நம்ம தமிழ்ல 'ப' ஒண்ணே ஒண்ணுதான். பம்புக்கும் அதான், பல்புக்கும் அதான். நிம்மதியான பாஷை.

என் பொண்ணு ஆயிஷா பொத்தேரியில காலேஜ் படிக்கறா. அவளுக்குப் போன் பண்ணேன். ஸ்டேஷன்ல நின்னுக்கிட்டு இருந்திருக்கா, ஒரே இரைச்சல்.

"பெல்லட்டுக்கு பி தானே போடணும்?"

"ஆமாம்மா, பி."

"பி-யேதான?"

"பி-தாம்மா. டிரெயின் வந்துருச்சு, வெக்கறேன்."

அவ சொன்ன பி வேற. நான் போட்ட பி வேற. அவ பேனாவுக்கு வர்ற பென்னோட பி-யைச் சொல்லியிருக்கா. நான் காலேஜ்ல உக்கார்ற பெஞ்சோட பி-யைப் போட்டுட்டேன்.

அதோட விட்டிருந்தாக்கூடப் பரவாயில்ல. என் போன் என்னைவிட அறிவாளி. நான் அடிச்சதைப் பார்த்து, பாவம் இந்தம்மாவுக்கு ஸ்பெல்லிங் தெரியலன்னு அதுவா நடுவுல ஒரு எழுத்தை மாத்தி திருத்திக் குடுத்துச்சு. நானும் பார்த்தேன். ஓஹோ, இப்படித்தான் எழுதணும் போலன்னு மனசுக்குள்ள அதுக்கு நன்றி வேற சொல்லி, அனுப்பிட்டேன்.

அடுப்புங்கற வார்த்தையை நான் எழுதவே இல்ல. ஆக, ஃபார்ம்ல இங்கிலீஷ்ல என்ன போச்சுன்னா: புதிதாக ஒரு புல்லட் வாங்கியுள்ளோம். பின்பக்க ஷெட்டில் உள்ளது.

மறுநாள் கம்பெனியில இருந்து ஒரு பொண்ணு போன் பண்ணிச்சு. நான் அந்த நேரம் பார்த்து மிக்ஸியில இஞ்சி பூண்டு அரைச்சுக்கிட்டு இருந்தேன். அது 'புல்லட்'டுன்னு சொன்னது என் காதுல 'பெல்லட்'டுன்னுதான் விழுந்துச்சு.

"மேடம், புதுசா வாங்கியிருக்கீங்கன்னு போட்டிருக்கீங்க. அடிக்கடி யூஸ் பண்ணுவீங்களா?"

"சனி ஞாயிறு மட்டும்தாம்மா. கல்யாண சீசன்னா நடுவுலயும்."

"கிக்கரா மேடம், செல்ஃப் ஸ்டார்ட்டா?"

அடுப்புல செல்ஃப் ஸ்டார்ட்டும் வந்துருச்சு போல, கடைக்காரன் என்கிட்ட பழைய மாடலைத் தள்ளிட்டானேன்னு எனக்குக் கோவம். "அதெல்லாம் இல்லம்மா. தீக்குச்சிதான்."

"தீக்குச்சியா?"

"ஆமா. கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊத்தி, குச்சியைக் கிழிச்சு உள்ள போட்டா குப்புனு பிடிச்சுக்கும். அப்புறம் ஃபேனைப் போட்டுட்டா ஜம்முனு போகும்."

அந்தப் பொண்ணு தொண்டையைச் செருமிட்டு மெதுவாக் கேட்டுச்சு. "உங்க ஹஸ்பண்டும் யூஸ் பண்ணுவாரா மேடம்?"

"அவருக்கு இதெல்லாம் வராது. கிட்ட விட மாட்டேன். நான் மட்டும்தான்."

"ஓகே மேடம். ரெண்டு பேருக்குத்தானே?"

"ரெண்டு பேருக்கு எதுக்கும்மா இவ்வளவு பெருசு? நூறு பேருக்குத் தாராளமாப் போதும்."

"நூறு பேரா?"

"நூத்தம்பதும் ஏத்தியிருக்கேன். அடி பிடிக்காமப் பார்த்துக்கணும், அவ்வளவுதான்."

"அடி படாமயா மேடம்?"

"அடி பிடிக்காம. சரியா கேக்குதா உனக்கு?"

"ஒரு நிமிஷம் லைன்ல இருங்க மேடம்"னு சொல்லிட்டுப் பாட்டு போட்டுச்சு. பாட்டு முடிஞ்சு லைன் கட் ஆயிருச்சு. நல்லா விளக்கிச் சொன்னோம்னு எனக்கு ஒரே திருப்தி.

நான் சரிப்பட்டு வர மாட்டேன்னு முடிவு பண்ணின அந்தப் பொண்ணு அடுத்து என்ன பண்ணிச்சுன்னு அன்னிக்கு எனக்குத் தெரியாது. உங்களுக்கு இப்பவே சொல்லிடறேன். பாலிசி என் வீட்டுக்காரர் பேர்ல இருக்கு. அதுல ரெண்டாவது நம்பர் அவரோடது. அவருக்குப் போன் அடிச்சு, "சார், உங்க புது புல்லட்டை வீட்டுப் பாலிசியில சேர்க்க முடியாது, அதுக்குத் தனியா எடுக்கணும்"னு சொல்லியிருக்கு.

என் வீட்டுக்காரர் பேர் யூசுப். இரும்புலியூர்ல ஒரு லேத் பட்டறையில ஃபோர்மேன். மனுஷனுக்கு வாழ்க்கையில ஒரே ஆசை, புல்லட். கல்யாணம் ஆன நாள்ல இருந்து கேக்கறார். டீக்கடை வாசல்ல யாரோட புல்லட் நின்னாலும் அதோட டேங்க்கை ஒரு தடவை தடவிட்டுத்தான் டீ குடிப்பார். ஒவ்வொரு தடவையும் நான்தான் ஏதாவது ஒண்ணு சொல்லித் தட்டிக் கழிச்சிருக்கேன். பொண்ணு பொறந்துருச்சு, வீடு கட்டறோம், வெள்ளம் வந்துருச்சு, உங்களுக்கு முட்டி வலி.

அவருக்கு இந்த மாசம் அம்பது வயசு முடியுது. போனை வெச்சதும் அவர் கணக்குப் போட்டிருக்கார். பொண்டாட்டி நமக்கே தெரியாம வாங்கி ஒளிச்சு வெச்சிருக்கா. காட்டிக் குடுக்கக் கூடாது, தெரியாத மாதிரியே இருப்போம்.

அன்னிக்கு சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் கையில மல்லிப்பூ. நாலு முழம்.

"என்ன மச்சான் விசேஷம்?"

"சும்மாதான். நீ எவ்வளவு நல்லவ தெரியுமா"ன்னார்.

அம்பது கிலோ வெங்காயம் வந்தா அந்தப் பக்கமே தலை வெச்சுப் படுக்காதவர், அன்னிக்குத் தானா உக்காந்து வெங்காயம் உரிச்சார். உரிக்கும்போது விசிலடிச்சார். எனக்குப் பக்குன்னு ஆயிருச்சு. இந்த ஆளு எங்கேயோ பெருசா தப்பு பண்ணிட்டு வந்திருக்கார்னு நினைச்சேன். ஆனா பாலிசி டென்ஷன்ல அதை அப்புறம் விசாரிச்சுக்கலாம்னு விட்டுட்டேன்.

புதன்கிழமை காலையில கம்பெனியில இருந்து எனக்கு மெசேஜ். ஆர்சி புக் காப்பியும் டிரைவிங் லைசென்ஸும் அனுப்பணுமாம்.

எனக்கு உச்சந்தலையில சுர்ருன்னு ஏறிருச்சு. அடுப்புக்கு ஆர்சி புக்கா? புர்காவை மாட்டிக்கிட்டு நேரா தாம்பரத்துல இருக்கற அவங்க கிளைக்குப் போயிட்டேன். அங்க கண்ணாடி போட்ட ஒரு அதிகாரி. உக்காரக்கூட இல்ல நான்.

"சார், டிரைவிங் லைசென்ஸ் இருக்கறவங்கதான் பிரியாணி போடணுமா? இது என்ன புது ரூல்? எங்க தெருவுல இருவது வருஷமா அடுப்பு எரிக்கறேன், எவனும் என்கிட்ட ஆர்சி புக் கேட்டதில்ல. ஹெல்மெட் போட்டுக்கிட்டு சமைக்கணுமா?"

சுத்தி இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தாங்க. அந்த அதிகாரி நான் மூச்சு வாங்கற வரைக்கும் காத்திருந்தார். அப்புறம் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பினார்.

படிச்சேன். திரும்பவும் படிச்சேன்.

"சார்... இது புல்லட்டா?"

"புல்லட்தான் மேடம்."

உக்காந்துட்டேன். தண்ணி குடுத்தார். குடிச்சுட்டு, பி கதையைச் சொன்னேன், போன் திருத்தின கதையைச் சொன்னேன். மனுஷன் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். சிரிப்பை அடக்கறார்னு தெரிஞ்சுது. அந்தப் போன் பேசின பொண்ணு, 'வாடிக்கையாளர் தீக்குச்சியால் வண்டியை இயக்குவதாகக் கூறுகிறார்'னு ரிப்போர்ட் எழுதி வெச்சிருந்துச்சு. அதையும் படிச்சுக் காட்டினார்.

"சரி சார், தப்பு என்னோடதுதான். பெல்லட் அடுப்புன்னு மாத்திருங்க, முடிஞ்சுது."

"அதான் மேடம் சிக்கல். புல்லட்னா அந்த வரியை எடுத்து விட்டா முடிஞ்சுது, இப்பவே பாலிசி குடுத்திருப்பேன். அடுப்புன்னு சொல்லிட்டீங்களே. அதுவும் ஆர்டர் எடுத்து சமைக்கற அடுப்பு."

"அப்ப புல்லட்னே இருக்கட்டும் சார். நான் ஒண்ணும் சொல்லல."

"நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, புல்லட்ல தம் போடும்போது பிரியாணி தேக்சா கவுந்துருச்சுன்னு க்ளெய்ம் எழுதுவீங்களா?"

என்னென்ன வேணும்னு எழுதிக்கப் பேனாவை எடுத்தேன்.

மூணு விஷயம் கேட்டார். வீட்டுல தொழில் அடுப்பு வெக்கறதுக்கு லைசென்ஸ் அப்ளை பண்ணின ரசீது. சர்வேயர் ஒருத்தர் நேர்ல வந்து பார்த்து எழுதற ரிப்போர்ட். அப்புறம் பாலிசிக்காரர் கையெழுத்துப் போட்ட ஒரு திருத்தக் கடிதம். மூணும் வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள.

"கடிதம் நானே அடிச்சு சர்வேயர்கிட்ட குடுத்து விடறேன். உங்க ஹஸ்பண்ட் ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்"னார். நல்ல மனுஷன்.

வியாழக்கிழமை லைசென்ஸ் ஆபீஸ். எந்த ஆபீஸ்னு வேணாம், அந்தம்மா பாவம்.

முன்னெச்சரிக்கையா இருக்கணும்னு, ஒரு டிபன் டப்பாவுல கொஞ்சம் பெல்லட்டைப் போட்டு எடுத்துக்கிட்டுப் போனேன். வாயால சொல்லித்தானே இத்தனை வம்பு, இந்தத் தடவை கண்ணுல காட்டிருவோம்னு ஐடியா.

சீட்டுல இருந்த மேடம் ஃபார்மைப் பார்த்தாங்க. "கேஸ் அடுப்பா, விறகு அடுப்பா, கரண்ட் அடுப்பா? மூணுதான் இருக்கு இதுல."

"பெல்லட் அடுப்பு மேடம்."

"கரண்ட்ல எரியுமா?"

"ஃபேன் மட்டும் கரண்ட் மேடம்."

"அப்ப எரியறது விறகா?"

"விறகு இல்ல. மரத்தூள். அதுவும் தூளா இருக்காது, கோழித் தீவனம் மாதிரி குச்சி குச்சியா இருக்கும்."

"கோழித் தீவனம்னா அந்தக் கடைசி சீட்."

எனக்கு அழுகையே வந்துருச்சு. அந்த நேரம் பார்த்து மேடத்துக்குப் போன் வந்துச்சு. அவங்க போன்ல பேசிக்கிட்டே ஃபார்மைப் புரட்டினாங்க. நான் மெதுவா டிபன் டப்பாவைத் திறந்து அவங்க முன்னாடி நகர்த்தி வெச்சேன். பாருங்க மேடம், இதுதான்னு கையைக் காட்டினேன்.

பேச்சு சுவாரஸ்யத்துல அவங்க ஒண்ணை எடுத்து வாயில போட்டுட்டாங்க.

நான் பார்த்துக்கிட்டே இருக்கேன். கடக்னு ஒரு சத்தம். மெதுவா மென்னாங்க. போனை ஒரு கையால மூடிக்கிட்டு என்கிட்ட சொன்னாங்க:

"காராச்சேவா? உப்பே இல்லையே."

"மேடம், அது பெல்லட்."

"என்னது?"

"அடுப்புல போடறது மேடம். மரத்தூள்."

போன் கீழ விழுந்துச்சு. அப்புறம் குப்பைத் தொட்டி, தண்ணி பாட்டில், வாஷ்பேசின்னு மேடம் ஒரு ரவுண்டு போயிட்டு வந்தாங்க. நான் சுவர் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டு 'யா அல்லாஹ், இந்த ரசீதை மட்டும் வாங்கிக் குடுத்துரு'ன்னு துவா கேட்டேன்.

திரும்பி வந்தவங்க என்னை ஏற இறங்கப் பார்த்தாங்க. திட்டுவாங்கன்னு தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். அவங்க உக்காந்து, விறகுங்கற கட்டத்துல டிக் அடிச்சாங்க.

"மரம்தான். நல்லாத் தெரிஞ்சுது"ன்னு சொல்லி ரசீதைக் கிழிச்சுக் குடுத்தாங்க.

ரெண்டு நாளைக்கு அப்புறம் அன்னிக்குத்தான் நிம்மதியா சாப்பிட்டேன். என் வீட்டுக்காரர் எதிர்ல உக்காந்து என்னையே பார்த்துச் சிரிச்சுக்கிட்டு இருந்தார்.

"மச்சான், நாளைக்கு ஜும்ஆ தொழுகை முடிஞ்சதும் வீட்டுக்கு வாங்க. ஷெட்ல ஒரு வேலை இருக்கு, நீங்க இருக்கணும்"னேன். கையெழுத்து வாங்கத்தான் சொன்னேன்.

அவர் முகம் எப்படி மலர்ந்துச்சு தெரியுமா. "ஷெட்லயா? சரி சரி. நான் ஒண்ணும் கேக்கல"ன்னு கையைத் தூக்கிட்டார். என்ன ஆளு இவர்னு நினைச்சுக்கிட்டு நான் பாத்திரம் கழுவப் போயிட்டேன்.

வெள்ளிக்கிழமை மூணு மணிக்கு சர்வேயர் வந்தார். ஒல்லியான மனுஷன், பேச்சு குறைவு. ஷெட்டைச் சுத்திச் சுத்தி போட்டோ எடுத்தார். டேப் வெச்சு அளந்தார். கேஸ் சிலிண்டர் எங்கே, பெல்லட் மூட்டை எங்கேன்னு கேட்டார். மூட்டை அடுப்பு பக்கத்துல இருக்கக் கூடாதுன்னார், நானே தூக்கித் தள்ளி வெச்சேன். ஒரு வாளி மண் வெக்கணும்னார், வெச்சேன்.

"பத்த வெச்சுக் காட்டுங்க மேடம். எவ்வளவு புகை வருதுன்னு பார்க்கணும்."

பத்த வெச்சேன். ஃபேனைப் போட்டேன். உர்ருன்னு ஓடுச்சு. பதட்டத்துல பெல்லட்டை ரெண்டு கை அதிகமாப் போட்டுட்டேன் போல, குழாய்ல இருந்து பொத பொதன்னு ஒரு புகை கிளம்புச்சு.

சரியா அப்பதான் வாசல்ல ஆட்டோ நின்னுச்சு.

இறங்கினது என் வீட்டுக்காரர். கூட அவர் தோஸ்து ரவி அண்ணன். பட்டறைக்குப் பக்கத்துல மெக்கானிக் ஷாப் வெச்சிருக்கார், பொறந்து வளர்ந்தது எல்லாம் வடசென்னை. கேட் கிட்ட இருந்து ரெண்டு பேரும் பேசறது எனக்கு ஷெட்ல நல்லாக் கேக்குது.

"ரவி, ஸ்டார்ட் பண்ணியே வெச்சிருக்காடா."

"சவுண்டு இன்னா ஒரு மாதிரி கீது? சைலன்ஸர் மாத்திட்டாங்களா?"

"புது வண்டிடா."

"புது வண்டின்ற, இம்மாம் பொகை வுடுது? ஆயில் எறங்குது போலக்கீதே. இரு இரு, நான் பாத்துக்கறேன், நீ பேஜார் ஆவாத."

எனக்கு ஒண்ணும் புரியல. எந்த வண்டி? எதுக்கு ஆயில்?

ரெண்டு பேரும் வீட்டைச் சுத்திக்கிட்டு பின்பக்கம் வந்தாங்க. என் வீட்டுக்காரர் கையில புத்தம் புது ஹெல்மெட், கறுப்பு கலர், பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்கல. ரவி அண்ணன் கையில ரெண்டு எலுமிச்சம்பழம். புது வண்டின்னா சக்கரத்துக்குக் கீழ வெச்சு நசுக்கணுமே, அதுக்கு.

ஷெட் வாசல்ல ரெண்டு பேரும் நின்னாங்க.

உள்ள நான், சர்வேயர், உர்ருன்னு ஓடற அடுப்பு.

என் வீட்டுக்காரர் அடுப்பைப் பார்த்தார். அதுக்குப் பின்னாடி பார்த்தார். பெல்லட் மூட்டைக்குப் பின்னாடி எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எங்க?"

"எது மச்சான்?"

"புல்லட்."

அந்த ஒரு செகண்ட்ல எனக்கு எல்லாம் விளங்கிருச்சு. மல்லிப்பூ, வெங்காயம், விசில், எல்லாம். கம்பெனிப் பொண்ணு இவருக்கும் போன் பண்ணியிருக்கு. அடுப்பை அணைச்சுட்டு, பி-யில இருந்து ஆரம்பிச்சு எல்லாத்தையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அந்த மனுஷன் முகம் இருக்கே, எனக்கு நெஞ்சை என்னவோ பண்ணிருச்சு. கோவப்பட்டிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். கோவமே படல. "ஓ, அடுப்பா"ன்னார். ஹெல்மெட்டை மெதுவா மூட்டை மேல வெச்சார்.

ரவி அண்ணன்தான் பேசினார். "இன்னா சிஸ்டர், மூணு நாளா ஏரியா ஃபுல்லா சொல்லிகினு திரியறான். டீக்கடையில எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுத்துட்டான்."

சர்வேயர் வாட்சைப் பார்த்தார். மணி நாலு. "சார், ரிப்போர்ட் நல்லபடியா எழுதிட்டேன். உங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. அஞ்சுக்குள்ள நான் ஆபீஸ்ல குடுக்கணும்." பையில இருந்து அந்தத் திருத்தக் கடிதத்தை எடுத்து நீட்டினார்.

என் வீட்டுக்காரர் வாங்கினார். எதையும் படிக்காம கையெழுத்துப் போடற பழக்கம் அவருக்குக் கிடையாது. சட்டைப் பையில இருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கிட்டு, எல்லாருக்கும் கேக்கற மாதிரி வாய்விட்டுப் படிச்சார்.

"மேற்படி முகவரியில் உள்ள எனது வீட்டில் புல்லட் எதுவும் இல்லை..."

நிறுத்தினார்.

"...என்றும், என்னிடம் அத்தகைய வாகனம் எக்காலத்திலும் இருந்ததில்லை என்றும் இதன் மூலம் உறுதி அளிக்கிறேன்."

பேனாவை வெச்சுக்கிட்டு அப்படியே நின்னார். எனக்கு ஒரு பக்கம் வானம் இருட்டிக்கிட்டு வருது. இன்னொரு பக்கம் இவர். பிடிவாதம் பிடிச்சுக் கையெழுத்துப் போடாம விட்டார்னா பாலிசி போச்சு, அடுத்த மழையில ஃப்ரிட்ஜ் மறுபடியும் நடக்க ஆரம்பிச்சுரும். ஆனா 'போடுங்க'ன்னு சொல்ல எனக்கு எந்த மூஞ்சி இருக்கு? இருவத்தி ரெண்டு வருஷமா அவர் ஆசையைத் தள்ளிப் போட்டவ, இப்ப அது இல்லவே இல்லைன்னு எழுதி வேற வாங்கறேன்.

"மச்சான், மன்னிச்சுக்கங்க"ன்னு மட்டும் சொன்னேன்.

அவர் என்னைப் பார்க்கல. "எக்காலத்திலும் இருந்ததில்லை. கரெக்டாத்தான் எழுதியிருக்காங்க"ன்னு சொல்லிட்டுக் கையெழுத்தைப் போட்டார். தேதியும் போட்டார். சர்வேயர் வாங்கி ஊதிக் காய வெச்சுப் பைக்குள்ள வெச்சுக்கிட்டுக் கிளம்பிட்டார். பாவம், அவர் வந்தது அடுப்பு பார்க்க.

ரவி அண்ணன் மட்டும் எலுமிச்சம்பழத்தை வெச்சுக்கிட்டு முழிச்சுக்கிட்டு இருந்தார். அப்புறம் குனிஞ்சு அடுப்போட முன்கால் ரெண்டுக்கும் கீழ ஒண்ணு ஒண்ணா வெச்சார். "கொண்டாந்துட்டேன் சிஸ்டர். திரும்ப எடுத்துகினு போவக் கூடாது"ன்னார்.

நாலே முக்காலுக்கு போன்ல மெசேஜ் வந்துச்சு. பாலிசி புதுப்பிக்கப்பட்டது. சனிக்கிழமை மழை அடிச்சு ஊத்துச்சு. தண்ணி வாசப்படி வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துட்டுப் போயிருச்சு. நான் பயமில்லாம ஜன்னல்ல நின்னு அதை வேடிக்கை பார்த்தேன். என் வீட்டுக்காரர் அடுத்த ரூம்ல அந்த ஹெல்மெட்டைத் துணி போட்டுத் துடைச்சுக்கிட்டு இருந்தார். இன்னிக்கு நாலாவது நாள். 'சோறு போடு', 'தண்ணி குடு', இந்த ரெண்டைத் தவிர என்கிட்ட வேற பேச்சு இல்லை.

வெள்ளம், தீ, இடி, மின்னல், எது வந்தாலும் வீட்டுக்குப் பாதுகாப்பு இருக்கு. வீட்டுக்காரருக்கு நான் பண்ணின சேதாரத்துக்குத்தான் எந்தக் கம்பெனியும் பாலிசி போடறதில்லையாம், விசாரிச்சுட்டேன்.